அஞ்சு நாள், மூணு நாள், ஒரு நாள்...

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் போயிட்டு பையோட திரும்பி வர்றேன், எதிர்வீட்டு அக்கா எங்க வாசல்ல நிக்கிறாங்க. கையில நாலா மடிச்ச ஒரு தாள்.

"தம்பி, நீதான் கண்டதையும் படிக்கிறவனாச்சே. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. எம்புள்ளையைக் கழட்டி வுடறாங்களான்னு பாரு."

அவங்க பையனுக்கு ஒம்பது வயசு. ஆட்டிசம். நாலு வயசுல இருந்து நடத்தைச் சிகிச்சை, அதாவது பிஹேவியர் தெரபி போயிட்டிருக்கான். வாரத்துக்கு அஞ்சு நாள். இப்போ அந்த சென்டர்ல ஒரு தாள் குடுத்திருக்காங்க. முதல் ரெண்டு மாசம் வாரம் மூணு நாள், அடுத்த ரெண்டு மாசம் ரெண்டு நாள், அப்புறம் ஒரு நாள், அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க, அப்புறம் நிறுத்திடலாம். கட்டம் கட்டமா போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரா என்னென்னவோ எழுதியிருக்கு. (அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். ஆளு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

அக்காவோட பயம் சும்மா வந்ததில்லைங்க. 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு டிவியில அறிவிப்பு வந்துச்சு, நடுராத்திரியில இருந்து நாடே மூடல். அப்போதான் பையன் தெரபியில சேர்ந்து கொஞ்ச மாசம். "தண்ணி"ன்னு கேக்கக் கத்துக்கிட்டிருந்தான். மறுநாள்ல இருந்து சென்டர் கிடையாது, டீச்சர் கிடையாது, அந்த நீல நாற்காலி கிடையாது. ரெண்டே மாசத்துல "தண்ணி" போயிடுச்சு. பழையபடி அம்மா கையைப் பிடிச்சு ஃபிரிட்ஜ்கிட்ட இழுத்துட்டுப் போக ஆரம்பிச்சுட்டான். "நிறுத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் தம்பி"ன்னு சொன்னப்போ அவங்க குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சரி, படிச்சுச் சொல்றேன்னு வாங்கி வெச்சுக்கிட்டேன். அந்தத் தாளைப் படிக்க அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. ஆனா இந்தச் சிகிச்சையை எப்படி நிறுத்தறதுன்னு எப்போ, யாரு யோசிக்க ஆரம்பிச்சாங்கன்னு தேடப் போயி மூணு வாரம் தூக்கம் போச்சு. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். டீ எடுத்து வெச்சுக்கங்க.

*

கதை ஒரு குழந்தையில இருந்து ஆரம்பிக்குது. ஆரம்பமே கோணல்.

அமெரிக்காவுல பால்டிமோர் நகரம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். ஜான் வாட்சன்னு ஒரு பேராசிரியர், ரோசலி ரேய்னர்னு அவரோட மாணவி. 1920-ல இவங்க வெளியிட்ட ஒரு ஆராய்ச்சி, உளவியல் படிக்கிற எல்லாப் பசங்களும் இன்னிக்கும் முதல் வருஷத்துல படிக்கிறது. பதினோரு மாசக் குழந்தை ஒண்ணு. பேப்பர்ல வெச்ச பேர் ஆல்பர்ட். வெள்ளை எலியைப் பார்த்தா அதுக்குப் பயமே இல்லை, கையை நீட்டித் தொடப் போகும். அது தொடப் போற நேரத்துல பின்னாடி நின்னு ஒரு இரும்புக் கம்பியில சுத்தியலால ஓங்கி அடிச்சாங்க. திரும்பத் திரும்ப. கொஞ்ச நாள்ல எலியைப் பார்த்தாலே குழந்தை அழ ஆரம்பிச்சுது. அப்புறம் முயலைப் பார்த்தும், நாயைப் பார்த்தும், ரோமக் கோட்டைப் பார்த்தும்.

பயம்ங்கறது கத்துக்கிட்டு வர்றதுன்னு நிரூபிச்சாச்சு. சந்தோஷம். ஆனா அந்தப் பயத்தை எடுக்கணுமே? எடுக்கலை. கடைசிப் பரிசோதனை முடிஞ்ச கையோட குழந்தையை ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க, அதனால பயத்தைப் போக்கற வழிகளைச் செஞ்சு பார்க்க வாய்ப்பு இல்லாமப் போச்சுன்னு கட்டுரையிலயே எழுதியிருக்காங்க. குழந்தை எப்போ கிளம்பப் போகுதுன்னு அவங்களுக்கு ஒரு மாசம் முன்னாடியே தெரியும்ங்கறதைப் பின்னாடி வந்த ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டினாங்க. அந்தக் குழந்தை யாருன்னு இன்னிக்கும் சண்டை ஓயலை. ஆறு வயசுல இறந்துபோன ஒரு பையன்னு ஒரு சாரார், 2007 வரைக்கும் வாழ்ந்த ஒருத்தர்னு இன்னொரு சாரார். ரெண்டாமவருக்குக் கடைசி வரைக்கும் நாயே பிடிக்காதாம். அந்தக் கம்பிச் சத்தத்தாலயா, சும்மாவேவா, யாரு கண்டா.

நடத்தைவாதத்தோட முதல் பெரிய கேஸ்லயே, வேலை முடிஞ்சதும் குழந்தையை எப்படி வீட்டுக்கு அனுப்பறதுன்னு யாரும் யோசிக்கலை. இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

நல்ல வேளையா அடுத்த கேஸ் ஒரு பொம்பளைகிட்ட போச்சு. மேரி கவர் ஜோன்ஸ். 1924-ல வெளிவந்தது. நியூயார்க்ல பீட்டர்ங்கற பையன், ரெண்டு வயசு பத்து மாசம். இவனுக்கு முயல்னா பயம். இது யாரும் உண்டாக்கின பயம் இல்லை, தானா வந்தது. மத்த குழந்தைங்க பயப்படாம முயலோட விளையாடறதைப் பார்க்க வெச்சாங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. நடுவுல பீட்டருக்கு ஸ்கார்லெட் ஜுரம் வந்து ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி. அங்கிருந்து டாக்ஸியில ஏறப்போற நேரத்துல ஒரு பெரிய நாய் பாய்ஞ்சு வந்து பயமுறுத்திடுச்சு. அவ்வளவுதான், எல்லாம் பழைய இடத்துக்கே வந்துடுச்சு.

ஜோன்ஸ் மறுபடி ஆரம்பிச்சாங்க. இந்தத் தடவை சாப்பாடு. பையன் பிடிச்சதைச் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது அறையோட அந்தப் பக்கத்துல கூண்டுல முயல். கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டு வந்தாங்க. கடைசியில முயல் விரலைக் கடிச்சு விளையாட விட்டான் பீட்டர். ஆனா எனக்குப் பிடிச்சது இது இல்லை. கட்டுரை முடிவுல, பையன் கஷ்டமான ஒரு வீட்டுச் சூழ்நிலைக்குத் திரும்பிப் போயிருக்கான், நான் இன்னும் அவனோட தொடர்புலதான் இருக்கேன்னு எழுதறாங்க பாருங்க, அதுதான். வாட்சன் கேஸ்ல இல்லாத ஒரு வரி.

அக்காகிட்ட பீட்டர் கதையைச் சொன்னேன். "நாய் வந்துச்சா? எங்களுக்கு கொரோனா வந்துச்சு"ன்னாங்க.

*

இதே சமயத்துல இன்னொரு பக்கம் வியன்னாவுல ஃப்ராய்டு. அவர் நடத்தைச் சிகிச்சை ஆள் இல்லை, பேச வெச்சு ஆழ்மனசைத் தோண்டற ஆள். ஆனா எப்போ நிறுத்தறதுங்கற தலைவலி அவருக்கும்தான். ரஷ்யாவில இருந்து வந்த ஒரு பணக்கார வாலிபர் 1910-ல சேர்ந்தவர், வருஷக்கணக்கா நகரவே மாட்டேங்கிறார். ஃப்ராய்டு பொறுத்துப் பார்த்துட்டு ஒரு தேதி குறிச்சார். இந்தத் தேதியோட முடிக்கிறோம், முன்னேற்றம் இருந்தாலும் இல்லேன்னாலும். 1914 கோடையில முடிச்சும் வெச்சார். வேலை செஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அந்த மனுஷன் 1919-ல திரும்பி வந்தார். அப்புறம் 1926-ல ஃப்ராய்டோட சிஷ்யைகிட்ட போனார். கடைசியில 1979-ல சாகற வரைக்கும் யாராவது ஒரு மனநல மருத்துவரோட தொடர்பு இருந்துக்கிட்டேதான் இருந்துச்சு. 1937-ல, சாகறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, இந்த மாதிரிச் சிகிச்சைக்கு முடிவுன்னு ஒண்ணு உண்டா இல்லையான்னு ஃப்ராய்டு தனியா ஒரு கட்டுரையே எழுதினார். அதுல இந்தக் கேஸைப் பத்தி முன்னாடி ரொம்ப நம்பிட்டேன்னு ஒத்துக்கிறார்.

தேதி குறிக்கிறது திட்டம் ஆகாது. அந்தத் தேதிக்குள்ள என்னென்ன கைமாறணும்னு எழுதினாத்தான் திட்டம். இதைச் சொல்ல நான் யாரு, ஆனா நம்ம பாண்டிச்சேரிக்காரனுக்கு இது ரத்தத்துலயே இருக்குங்க :-) எப்படின்னு கேளுங்க.

வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போனது எப்படி? 1947 ஜூன் 3-ல அறிவிப்பு, ஆகஸ்ட் 15-ல கிளம்பியாச்சு. எழுபத்தி மூணு நாள். எல்லைக் கோடு போட வந்த ராட்கிளிஃப் ஜூலை 8-ல தான் இந்தியாவுக்கே வர்றார். கோடு எங்கே ஓடுதுன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சது ஆகஸ்ட் 17. சுதந்திரம் வந்து ரெண்டு நாள் கழிச்சு! அதோட விலை என்னன்னு பஞ்சாபுக்கும் வங்காளத்துக்கும் தெரியும்.

இங்கே? 1954 அக்டோபர் 18-ல கீழூர்ல வாக்கெடுப்பு, 178 பேர்ல 170 பேர் இந்தியாவோட சேரலாம்ங்கறாங்க. நவம்பர் 1-ல நிர்வாகம் கை மாறுது. 1956 மே 28-ல ஒப்பந்தம் கையெழுத்தாகுது. சட்டப்படி முழுசா மாறினது 1962 ஆகஸ்ட் 16. அதுக்கப்புறமும் எந்தக் குடியுரிமை வேணும்னு முடிவு பண்ண ஜனங்களுக்கு ஆறு மாச அவகாசம். லிசே பள்ளிக்கூடம் நடந்துச்சு, பிரெஞ்சு பென்ஷன் வந்துச்சு. பிரெஞ்சுக்காரன் தங்கமானவன்னு சொல்ல வரலை. அதே 1962-ல அல்ஜீரியாவை விட்டு அவன் போன விதத்தைப் படிச்சுப் பாருங்க, தெரியும். இங்கேயும் அந்த எட்டு வருஷ இழுபறிக்குக் காரணம் பாரீஸ் அரசியல்தானே தவிர நம்ம மேல கரிசனம் இல்லை. ஆனா காரணம் எதுவா இருந்தாலும், நாலு நாலு படியா இறங்கினதால எங்க தாத்தா காலத்து ஆளுங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைச்சுது.

இதை அக்கா வீட்டுக்காரர்கிட்ட சொன்னப்போ, "அதெல்லாம் சரி தம்பி, நம்ம புள்ளை பிரெஞ்சா இந்தியாவா?"ன்னு கேட்டுச் சிரிச்சார். அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி, மாசா மாசம் போற ஃபீஸ் குறையும்னு. அதைச் சொல்ல அவருக்கு வெக்கம். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?

*

சரி, மேட்டருக்கு வர்றேன்.

1957-ல ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் சேர்ந்து ஒரு தலையணை சைஸ் புத்தகம் போட்டாங்க. புறாக்களை வெச்சுச் செஞ்ச பரிசோதனைகள். எப்போ பரிசு குடுக்கணும், எத்தனை தடவைக்கு ஒரு தடவை குடுக்கணும்னு. அதுல இருந்து நமக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் பரிசு குடுத்துப் பழக்கினா, பரிசை நிறுத்தின உடனே பழக்கமும் சீக்கிரமா நின்னுடும். எப்போ வரும்னு தெரியாத மாதிரி விட்டு விட்டுக் குடுத்தா, நிறுத்தின பிறகும் ரொம்ப நாள் நிக்கும். பஸ் ஸ்டாண்ட் காபி மெஷின்ல காசு போட்டுக் காபி வரலைன்னா ரெண்டாவது தடவை போட மாட்டோம். லாட்டரிச் சீட்டுன்னா விழாதுன்னு தெரிஞ்சும் வருஷக்கணக்கா வாங்குவோம். ரெண்டும் ஒரே சங்கதிதான்.

நல்லா முடிக்கணும்னா நடுவுலயே அதுக்கான வேலையை ஆரம்பிச்சுடணும்னு இதுல இருந்து தெரியுது. முதல்ல ஒவ்வொரு "தண்ணி"க்கும் கைதட்டல். அப்புறம் ரெண்டுக்கு ஒண்ணு. அப்புறம் எப்பவாவது. கடைசியில கைதட்டலே வேண்டாம், தண்ணி கேட்டா தண்ணி வருதே, அதுவே போதும். கை பிடிச்சுக் காட்டறதும் அப்படித்தான். முழுக் கை, அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் ஒரு விரல், அப்புறம் ஒரு பார்வை, அப்புறம் ஒண்ணுமில்லை.

இதெல்லாம் தெரிஞ்சும் கோட்டை விட்டாங்க. அந்தக் கதையைத்தான் அக்காவுக்கு முழுசா சொன்னேன்.

கலிபோர்னியா பல்கலைக்கழகம், லாஸ் ஏஞ்சலிஸ். இவார் லோவாஸ். 1960-கள்ல ஆட்டிசம் குழந்தைகளுக்கு நடத்தைச் சிகிச்சை குடுத்த முன்னோடி. (இவர் பேரைச் சொல்லும்போது ஒண்ணைச் சொல்லாம விட முடியாது. அந்தக் காலத்துல மின் அதிர்ச்சி, அடி எல்லாம் பயன்படுத்தினவர். இன்னிக்கு வளர்ந்துட்ட ஆட்டிசம் மனிதர்கள் பலர் இந்தச் சிகிச்சை மேலயே கோபமா இருக்கறதுக்கு அந்த வரலாறும் ஒரு காரணம். அந்தக் கோபம் நியாயம்னுதான் நினைக்கிறேன்.) 1973-ல இவரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. சிகிச்சை முடிஞ்சு ஒண்ணுல இருந்து நாலு வருஷம் கழிச்சு, அந்தக் குழந்தைங்க எப்படி இருக்காங்கன்னு போய்ப் பார்த்த கட்டுரை.

சிகிச்சை நேரத்துல எல்லாக் குழந்தைகளும் முன்னேறியிருந்தாங்க. பேசாதவங்க பேசினாங்க. ஆனா பின்னாடி போய்ப் பார்த்தா ரெண்டு கூட்டமா பிரிஞ்சு கிடக்காங்க. அரசாங்க விடுதிகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைங்க கத்துக்கிட்டதை இழந்துட்டாங்க. பெற்றோருக்கும் பயிற்சி குடுத்து அவங்க வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைங்க அதே இடத்துல நின்னாங்க, சிலர் மேலயும் போயிருந்தாங்க. குழந்தையும் சிகிச்சையும் ஒரே மாதிரிதான். போய்ச் சேர்ந்த இடம்தான் வேற.

இன்னொண்ணும் அதுல இருக்கு. இழந்துட்ட குழந்தைகளுக்குக் கொஞ்ச நாள் மறுபடி சிகிச்சை குடுத்தப்போ பழைய முன்னேற்றம் தற்காலிகமாவாவது திரும்பி வந்துச்சு. அக்கா இந்த இடத்துல என்னை நிறுத்திட்டாங்க. "ஆமா தம்பி! 2021-ல மறுபடி சேர்த்தப்போ, முதல் தடவை நாலு மாசம் ஆனது ரெண்டு வாரத்துல வந்துச்சு. அப்போ மறக்கலையா அவன்? உள்ளேயேதான் இருந்துச்சா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. நான் டாக்டர் இல்லை. ஆனா அந்த ரெண்டு வாரத்தை அவங்க அஞ்சு வருஷமா யோசிச்சுக்கிட்டே இருந்திருக்காங்கன்னு மட்டும் புரிஞ்சுது.

1977-ல ட்ரெவர் ஸ்டோக்ஸ், டொனால்ட் பேயர்னு ரெண்டு பேர், அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிகளை எல்லாம் அலசிப் பார்த்தாங்க. கத்துக்கிட்டது வகுப்பறையைத் தாண்டி வெளியே வர்றதுக்கு இந்தத் துறையில என்ன செய்யறாங்கன்னு. பெரும்பாலும் செஞ்சது என்னன்னா, சொல்லிக் குடுத்துட்டு நல்லபடியா நடக்கும்னு நம்பிக்கிட்டு உக்கார்ந்திருந்ததுதான்! இதுக்குக் கிண்டலா ஒரு பேரும் வெச்சுட்டு, அதுக்குப் பதிலா என்ன செய்யலாம்னு வரிசையா சொன்னாங்க. ஒரே ஆள் சொல்லித் தராம பல ஆட்கள், ஒரே அறையில இல்லாம பல இடங்கள், வெளியுலகத்துல தானாவே பலன் கிடைக்கிற விஷயங்களைத் தேர்ந்தெடுக்கறது, வீட்டுல இருக்கற பொருளையே வகுப்புக்குக் கொண்டு வர்றது. நம்ம பையன் நீல நாற்காலியில உக்கார்ந்தா மட்டும் "தண்ணி" சொன்னான்ல, அந்த வியாதிக்கு மருந்து இது.

*

நம்ம நாட்டுல இதை வேற வழியில, இன்னும் முன்னாடியே கண்டுபிடிச்ச ஒருத்தர் இருக்கார். 1950-கள்ல அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை. கண்காணிப்பாளர் டாக்டர் வித்யாசாகர். ஆளும் இல்லை, இடமும் இல்லை, நோயாளிங்க நிரம்பி வழியறாங்க. உள்ளே போனவங்களை வீட்டுல மறந்தே போயிடறாங்க. என்ன செஞ்சார்? மருத்துவமனை வளாகத்துலயே கூடாரம் அடிச்சார். நோயாளியோட குடும்பத்து ஆளும் கூடவே வந்து தங்கணும்னார். நோயாளி குணமாகறதை குடும்பம் கண்ணால பார்க்கும், எப்படிப் பார்த்துக்கணும்னு கத்துக்கும், கையோட கூட்டிட்டுப் போயிடும்.

நம்ம வேலூர் சி.எம்.சி.யோட பாகாயம் மனநல மையமும் அந்த 50-கள்லயே இதே வழிக்கு வந்துடுச்சு. நோயாளியோட வீட்டு ஆள் ஒருத்தர் கூடத் தங்கறதுங்கறது அங்கே அடிப்படை. அதே வளாகத்துல குழந்தைங்களுக்கான நம்பிக்கை நிலையத்துல அம்மாவோ அப்பாவோ குழந்தையோடவே வாரக்கணக்குல இருந்து கத்துக்கிட்டுப் போறாங்க. லோவாஸ் 1973-ல எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிச்சதை, இவங்க பஞ்சத்துல கண்டுபிடிச்சிருக்காங்க. நர்ஸ் இல்லாததுக்கு வந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடா போச்சு.

எதிர்ப்பக்கமும் நம்மகிட்டயே இருக்கு. ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியக்காலை. ராமநாதபுரம் மாவட்டத்துல தர்கா பக்கத்துல இருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்துல தீ. சங்கிலியில கட்டி வெச்சிருந்ததால ஓட முடியாம 28 பேர் இறந்தாங்க. அதை எழுதவே கை வரலை. தீயைப் பத்திப் பேசினோம், உச்ச நீதிமன்றம் தானாவே கையில எடுத்துச்சு, எல்லாம் சரி. ஆனா அதுக்கப்புறம் நடந்ததை யாரும் அவ்வளவா பேசலை. ஒரே வாரத்துல அங்கிருந்த அந்த மாதிரிக் காப்பகங்கள் எல்லாத்தையும் மூடினாங்க. ஐநூறுக்கும் மேற்பட்ட மனுஷங்க அரசாங்கப் பொறுப்புக்கு வந்தாங்க. மூடினது தப்புன்னு யார் சொல்ல முடியும்? ஆனா அந்த ஐநூறு பேர்ல எத்தனை பேருக்கு வீடுன்னு ஒண்ணு இருந்துச்சு, வீட்டுல யாருக்கு என்ன சொல்லிக் குடுக்கப்பட்டுச்சுன்னு கேட்டா, ஒரு வாரத்துல அதுக்கெல்லாம் நேரம் எங்கே? அமெரிக்காவும் இதைத்தான் பெரிய அளவுல செஞ்சுது. 1955-ல அவங்க அரசாங்க மனநல மருத்துவமனைகள்ல அஞ்சரை லட்சம் பேருக்கு மேல இருந்தாங்க. 1963-ல கென்னடி கையெழுத்துப் போட்ட சட்டத்துக்கு அப்புறம் வெளியே அனுப்பறது வேகமா நடந்துச்சு, அவங்களை ஏத்துக்க ஊர் ஊரா கட்டறதா சொன்ன மையங்கள் சொன்ன அளவுக்கு வரவே இல்லை.

நம்ம 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல 98-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. 2018 மே 29-ல இருந்து நடைமுறையில இருக்கு. நோயாளியை வெளியே அனுப்பறதுக்கு முன்னாடி, டாக்டர் அவர்கிட்டயும், அவர் யாரோட போய் இருக்கப் போறாரோ அவங்ககிட்டயும் கலந்து பேசி, அப்புறம் சிகிச்சை எப்படித் தொடரும்னு ஒரு திட்டம் போடணும். அமிர்தசரஸ் கூடாரத்துல இருந்து சட்டப் புத்தகத்துக்கு வர அறுபது வருஷம். ஆனா இது மனநோய்க்கான நிலையங்களுக்கு. ஆட்டிசம் வர்றது 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல. நம்ம தெருமுனைத் தெரபி சென்டருக்கு 98 நேரா பொருந்தாது.

அமெரிக்காவுல இந்தத் தொழிலுக்கான சான்றிதழ் வாரியத்தோட நெறிமுறை, 2022-ல இருந்து நடப்புல இருக்கறது, இதைப் பத்தித் தெளிவா பேசுது. இலக்கை அடைஞ்சாச்சுன்னா, பலன் இல்லைன்னா, குடும்பம் வேண்டாம்னா, நிறுத்தலாம். நிறுத்தறதுக்கும் வேற ஆள்கிட்ட ஒப்படைக்கறதுக்கும் எழுத்துல திட்டம் வேணும். நம்ம ஊர்ல இதை யாரும் கட்டாயப்படுத்தலை. அதனால நான் பார்த்த வரைக்கும் ரெண்டே விதம்தான். ஒண்ணு, ஃபீஸ் வர்ற வரைக்கும் நிறுத்தவே மாட்டாங்க. இன்னொண்ணு, காத்திருப்போர் பட்டியல் நீளமா இருக்குன்னு பட்டுனு கத்திரிச்சு விட்டுடுவாங்க. நடுவுல ஒருத்தர் உக்கார்ந்து கட்டம் போட்டுத் தாள் குடுத்திருக்காங்கன்னா, அவங்களை முதல்ல கும்பிடணும்.

*

இதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு அந்தத் தாளை மறுபடி எடுத்துப் படிச்சேன். முதல் தடவை கண்ணுல படாதது எல்லாம் இப்போ பட்டுது.

ஒவ்வொரு படிக்கும் நேரா "எங்கே", "யாரோடு"ன்னு ரெண்டு கட்டம். பல் தேய்க்கறது, வீட்டுல, அப்பாவோட. கடையில பொருள் கேட்டு வாங்கறது, தெருமுனைக் கடையில, அம்மாவோட, அப்புறம் பாட்டியோட. (பல ஆள், பல இடம். ஸ்டோக்ஸ், பேயர்!) ஒரு படியில இருந்து அடுத்த படிக்குப் போக என்ன தெரியணும்னு அளவு. பழைய சேட்டை, தலையில அடிச்சுக்கறது, வாரத்துக்கு இத்தனை தடவைக்கு மேல போனா ஒரு படி மேல ஏறி பழைய நாள் கணக்குக்கே திரும்பணும்னு ஒரு வரி. ஆரம்பத்துல கொஞ்ச நாள் அழுகை கூடலாம், அதைப் பார்த்துப் பயந்து உடனே முடிவு எடுக்க வேண்டாம்னும் இருந்துச்சு. கடைசியா, நிறுத்தினதுக்கு அப்புறம் மூணாவது மாசமும் ஆறாவது மாசமும் போன் பண்ணிக் கேப்போம்னு. மேரி கவர் ஜோன்ஸ் எழுதின அந்த வரிதான். இன்னும் தொடர்புலதான் இருக்கேன்.

ஒரே ஒரு கட்டம் எனக்கு உறுத்துச்சு. எல்லாக் கட்டத்துலயும் அம்மா, அப்பா, பாட்டி, ஸ்கூல் டீச்சர் இருக்காங்க. பையன் எங்கே? அவனுக்கு இதுல எது பிடிச்சிருக்கு, எது வேணாம்? அவன் இப்போ படத்தைக் காட்டிக் கேப்பான், சில வார்த்தை சொல்லுவான். கேட்டாத் தெரியும். இதை அக்காகிட்ட சொன்னேன். அவங்க சென்டர்ல போய்க் கேட்டிருக்காங்க. அந்த மிஸ் கோவிச்சுக்கலை, யோசிச்சிருக்காங்க. அடுத்த வாரம் அவனுக்கு நாலஞ்சு படம் வெச்சுக் கேட்டிருக்காங்க. அவன் தண்ணித் தொட்டி விளையாட்டை எடுத்தானாம், மணி கோக்கறதைத் தள்ளி விட்டானாம். மணி கோக்கறதை அன்னிக்கே திட்டத்துல இருந்து தூக்கிட்டாங்க. அஞ்சு வருஷமா கோத்த மணி!

"அப்போ கழட்டி வுடலைங்கற?"ன்னு கேட்டாங்க அக்கா.

"கழட்டி விடறவங்க இவ்வளவு கட்டம் போட மாட்டாங்கக்கா. ஆனா ஒரு விஷயம், இந்தக் கட்டத்துல பாதி உங்க பேர்தான் இருக்கு. நீங்களும் மாமாவும் போய் ரெண்டு மூணு செஷன் உள்ளே உக்கார்ந்து பார்க்கணும்னு கேளுங்க. கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தது போதும்."

அதுக்கும் ஒத்துக்கிட்டாங்களாம். மாமாவுக்குத்தான் லீவு கிடைக்கிறது பாடு.

இப்போ வாரம் மூணு நாள் ஓடிக்கிட்டிருக்கு. போகாத ரெண்டு நாள்ல ஒரு நாள் அப்பாவோட மார்க்கெட்டுக்குப் போறான். போன புதன்கிழமை பார்த்தேன். தக்காளிக்காரம்மா முன்னாடி நின்னு படத்தைக் காட்டறான், அந்தம்மா, "வாயைத் தொறந்து கேளுடா ராஜா"ங்கறாங்க. கேக்கலை. ரொம்ப நேரம் நின்னான். பின்னாடி ஆளுங்க சலிச்சுக்கிட்டாங்க. மாமா முகம் சிவந்துடுச்சு, ஆனா வாயைத் தொறக்கலை, கையையும் நீட்டலை. கடைசியில படத்தையே வாங்கிக்கிட்டுத் தக்காளியைப் போட்டாங்க அந்தம்மா.

தாள்ல "கூட்டம், சத்தம்"னு ஒரு வரிக்கு நேரா இடம் காலியா விட்டிருந்தாங்க, குடும்பமே நிரப்பட்டும்னு. அக்கா அதுல "மாதா கோயில் திருவிழா, ஆகஸ்ட் 15, பாட்டியோட, பத்து நிமிஷம்"னு எழுதியிருக்காங்க. பக்கத்துல பென்சில்ல, "முடியலைன்னா அஞ்சு". தாள் இப்போ அவங்க ஃபிரிட்ஜ் கதவுல காந்தம் வெச்சு ஒட்டியிருக்கு. தண்ணி பாட்டில் இருக்கற அதே ஃபிரிட்ஜ்.